கோஸ்தான் விழாத லோரி

என் லோரியை நான் ஒருநாளும் வொர்க்‌ஷாப்பில் விட்டதில்லை. ஈப்போவில் லோரி வைத்திருப்பவர்களில் இப்படிச் சொல்லக்கூடியவன் இன்னொருவன் இருந்தால் கூட்டி வாருங்கள், அவனுக்கு என் செலவில் நுரை பொங்க ஆற்றிய டீ, எங்கள் தே தாரேக். சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பிறந்தவன் நான். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. மற்றதையெல்லாம் லோரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துத்தான் படித்தேன். கெலிண்டானாக ஏறினேன், அதாவது மூட்டை ஏற்றி இறக்குகிற ஆள். டிரைவருடைய காலையும் கையையும் பார்த்துப் பார்த்தே ஓட்டப் பழகினேன். பிறகு சொந்த லோரி, ஜெலாப்பாங்கில் சொந்த வீடு, மகனுக்குக் காலேஜ். யாரும் எனக்குக் கைபிடித்துக் காட்டியது கிடையாது.

கியரை நான் காதால் போடுகிறவன். என்ஜின் சத்தம் இறங்கி வந்து கியர்பாக்ஸ் சத்தத்தோடு ஒன்றாகிற ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் தள்ளினால் கிளட்சை லேசாகத் தொட்டாலே போதும், கியர் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே விழும். சிம்பாங் பூலாயிலிருந்து மலை ஏறுகிற ரோட்டில் உரமும் கோழிச்சாணமும் ஏற்றிக்கொண்டு போவேன். திரும்பும்போது முட்டைக்கோசும் தக்காளியும். என் வயதில் அந்த வளைவுகளில் ஓட்டுகிறவன் வேறு எவனும் கிடையாது. காய்கறித் தோட்டக்காரர்கள் என் லோரி சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட லோரியில் கோஸ்தான் கியர் கத்த ஆரம்பித்தது. பின்னால் எடுப்பதை இங்கே எல்லோரும் கோஸ்தான் என்றுதான் சொல்வோம். நின்ற இடத்தில் கிளட்சை மிதித்துக் கோஸ்தான் போட்டால், பல்லோடு பல் உரசித் தகரத்தை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓட்டத்தில் போடுகிற கியரெல்லாம் ஒழுங்காகத்தான் விழுந்தது. நின்ற இடத்தில் போடுகிறதுதான் தகராறு. கியர்ப் பெட்டி பழசு, பல் தேய்ந்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான்.

மகன் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு சாயந்திரம் வேலை முடிந்து வந்தவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டான்.

“அப்பா, போதும்லா. வித்துட்டு வீட்ல இருங்க. எத்தனை வருசம் ஓட்டிட்டீங்க.”

“லோரிக்குப் பல்லு தேஞ்சிருக்கு, மாத்தப்போறேன். எனக்கு ஒன்னும் தேயலடா.”

“நீங்களே மாத்தப் போறீங்களா?”

“பின்ன? உங்க ஃபேக்டரில இருந்து இஞ்சினியரு வருவானா?”

“சரி, மாத்துங்க. மாத்தியும் சரியா வரலன்னா?”

“வரலன்னா வித்துக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

வீம்பில் சொன்ன வார்த்தைதான். ஆனால் சொன்ன சொல்லை மாற்றிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்றிலிருந்து கணக்கு இதுதான்: அந்தக் கோஸ்தான் சத்தமில்லாமல் விழுந்தால் நான் லோரிக்காரன். விழாவிட்டால் வீட்டு ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவன்.

செய்கிறதைப் பெரிதாகச் செய்வோம் என்று நினைத்தேன். அதே பெட்டியை எதற்கு மறுபடி வைப்பது? என்னுடையது அஞ்சு கியர். பெரிய லோரியின் ஆறு கியர் பெட்டியை வைத்துவிட்டால் மலையில் இன்னும் சுகம். ஜப்பானில் ஓய்ந்துபோன வண்டிகளைப் பாதியாக அறுத்துக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ஆப்கட் கடைக்குப் போனேன். கடை முதலாளி, தவுக்கே என்போம், சீனர். எஸ்டேட் மளிகைக் கடையில் வளர்ந்தவர். என் மகனைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

“சாமான் நல்ல சாமான் அண்ணே. ஆனா உங்க லோரில நேரா உக்காராது. என் ஆளுங்ககிட்ட விடுங்க.”

“உக்கார வைக்கிறதுக்கு நான் இருக்கேன் தவுக்கே.”

“கிளட்ச் செட்டும் சேர்த்து எடுங்க. இது ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டி. காலுக்குப் பழகணும்.”

“என் காலப் பத்தி நீங்க கவலப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி நிலம் இருக்கிறது. மூன்று இரும்புக் குழாயை முக்காலி மாதிரி நிறுத்தி, செயின் பிளாக் தொங்கவிட்டு, பழைய பெட்டியை இறக்கினேன். புதுப்பெட்டி நீளம் அதிகம். அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தை அறுத்துப் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்தேன். பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கட்டையாக்கிக் கடைசலுக்குக் கொடுத்து வாங்கினேன். கியர்க் கம்பி பழைய ஓட்டையில் வராது, தள்ளித்தான் வரும். அதனால் கேபினுக்குள் தரைத் தகரத்தைக் கிரைண்டரால் அறுத்து ஓட்டையைப் பெரிதாக்கினேன். அறுத்த விளிம்புக்கு ரப்பர் வைக்கவில்லை. கம்பி சரியாக உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். படித்த இஞ்சினியர் பேப்பரில் கோடு போட்டுச் செய்கிற வேலை அது. நான் ஒரு சாக்குக்கட்டியால் சிமெண்ட் தரையில் கிறுக்கி அளவெடுத்துச் செய்தேன். ஒரு நட்டுகூட மீதியாகவில்லை.

எனக்கு உதவிக்கு வந்தது என் மச்சான், மனைவியின் தம்பி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். முட்டி வலி, ஆனாலும் வாய்க்கு வலியே கிடையாது. வேலை முடிந்த அன்று வீட்டிலிருந்து தேங்காய் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் உடைத்தான். நான் சிலிப்பரைக் கீழே கழற்றிவிட்டு ஏறினேன். எங்கள் காலத்து லோரிக்காரர்களுக்குக் கேபின் என்பது சாமி இருக்கிற இடம். டேஷ்போர்டில் முருகன் படம், பூ, ஊதுவத்தி. செருப்புக் காலோடு யாரும் ஏற மாட்டோம், வெறுங்காலில்தான் ஓட்டுவோம். இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. என் சீட்டில் வேறு ஆள் உட்காரக் கூடாது. மகனைக்கூட உட்காரவிட்டதில்லை.

என்ஜினைப் போட்டேன். கிளட்சை மிதித்தேன். கோஸ்தான் போட்டேன்.

அதே சத்தம். இல்லை, பெரிய பெட்டி என்பதால் அதைவிடப் பெரிய சத்தம்.

மச்சான் உடைத்த தேங்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்: “மச்சான், காசு குடுத்து அதே சத்தத்தப் புதுசா வாங்கியிருக்கீங்க.”

“வாய மூடுறா.”

“இல்ல, நல்லாத்தான் இருக்கு. பழசுல கொஞ்சம் கம்மியாக் கேட்டுச்சு. இப்ப பக்கத்துத் தாமான் வீடுங்களுக்கும் கேக்கும்.”

அன்று சிரித்தேன். சிரித்த கடைசி நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து தேடல். கியர் எண்ணெய் கெட்டியோ என்று அதை வடித்துவிட்டு வேறு ஊற்றினேன். கத்தியது. கியர்க் கம்பியின் கீழே இருக்கிற புஷ் லூசோ என்று கடைந்து புதுசு போட்டேன். கத்தியது. கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டு விலகாமல் நிற்கிறதோ என்று பெட்டியை மறுபடி இறக்கினேன். பிளேட் கண்ணாடி மாதிரி இருந்தது. பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், பட்டு மாதிரி ஓடியது. மறுபடி ஏற்றினேன். மறுபடி கத்தியது. பெட்டி ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதன் கனம் கூடிக்கொண்டே போவதுபோல் இருந்தது எனக்கு. கனம் கூடியது பெட்டிக்கா என் முதுகுக்கா, தெரியாது.

கிளட்ச் என்பது எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்கிற சாமான். பெடலை மிதித்தால் மேலே மாஸ்டர் பம்ப் எண்ணெயைத் தள்ளும், அது குழாய் வழியாகப் போய் கீழே கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு கம்பியை வெளியே தள்ளும். அந்தக் கம்பி முழுசாக வெளியே வந்தால் கிளட்ச் முழுசாக விடும். பாதி வந்தால் பாதிதான் விடும், கியர் கத்தும். குழாயில் காற்று இருந்தாலும் பாதிதான் வரும். சரி, காற்று எடுப்போம் என்று நான் மேலே உட்கார்ந்து மிதிக்க, மச்சான் கீழே படுத்துக் கம்பியைப் பார்த்தான்.

“மிதிங்க… ஆ, முழுசா வருது. இன்னொருக்கா… இப்பப் பாதிதான் வருது.”

“ஒழுங்காப் பாருடா.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருக்கா முழுசா வருது, ஒருக்கா பாதி வருது. நீங்க முழுசா மிதிக்கிறீங்களா?”

“தரை வரைக்கும் மிதிக்கிறேன்டா!”

“நான் வேணா ஏறி மிதிச்சிப் பாக்கட்டா?”

“நீ ஏற வேணாம். உன் முட்டிக்கு ஏணி வைக்கணும்.”

அவன் கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்று அதைக் கேலி செய்து அனுப்பிவிட்டேன். ஒருதடவை முழுசாகவும் ஒருதடவை பாதியாகவும் வந்தால் என்ன அர்த்தம்? மாஸ்டர் பம்ப் ரப்பர் போய்விட்டது, எண்ணெயைப் பிடிக்க முடியாமல் விடுகிறது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் உள்ள எவனும் அதைத்தான் சொல்வான். எனக்குச் சாட்சியும் கிடைத்தது. கிளட்ச் பெடலில் ஈரம். கறுப்பாக, பிசுபிசுவென்று பெடல் ரப்பரிலும் அதன் கீழே தரைத் தகரத்திலும். மேலே பம்ப் ஒழுகினால் பெடல் வழியாகத்தான் இறங்கும். பிடித்துவிட்டேன் என்று தொடையில் தட்டிக்கொண்டேன். கையிலிருந்த துணியில் துடைத்தேன். அந்தத் துணியோ ஏற்கெனவே கிரீசில் கறுத்துப் போனது.

மாஸ்டர் பம்பைப் புதுசாகவே மாற்றினேன். கத்தியது. மறுநாள் பெடலில் மறுபடியும் ஈரம்.

எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தேன். பம்ப் ஒழுகினால் பாட்டிலில் எண்ணெய் குறைய வேண்டும். கோடு போட்டு வைத்தேன். ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. எண்ணெய் குறையாமல் எப்படி எண்ணெய் ஒழுகும்? வாழ்நாள் முழுக்க லோரியோடு கிடந்தவனுக்கு இதற்கு விடை தெரியவில்லை. மச்சான் கதவுப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தான்.

“என்னா மச்சான், பெடல்ல ஈ மொய்க்குது. உள்ள உக்காந்து தே கலக்குறீங்களா? சீனி கொட்டிருச்சா?”

ஈயைக் கையால் ஓட்டிவிட்டேன். கிளட்சுக்கு ஊற்றுகிற பிரேக் எண்ணெயில் ஈ உட்காராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டு யோசிக்கவில்லை.

வீட்டிலும் அப்போது ஒரே சண்டை. நான் நடந்த வழியெல்லாம் டைல்ஸில் கறை என்று மனைவி கத்துவாள். “கியர் எண்ணெய வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, கழுவிட்டு வாங்க” என்பாள். நான் டீசலில் துணியை நனைத்துக் காலைத் துடைத்துவிட்டு, சோப்புத் தூள் போட்டு ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவேன். ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் நின்றவள் என் காலைப் பார்த்தாள்.

“என்னங்க, ஒரு காலு சிலிப்பரோட வந்திருக்கீங்க. இன்னொன்னு எங்க?”

குனிந்து பார்த்தேன். வலது காலில் இருந்தது. இடது காலில் இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. அவள் ரோட்டு முனை வரை போய் எடுத்து வந்தாள். “லோரி நெனப்புல காலு இருக்கிறதே மறந்துபோச்சு ஒங்களுக்கு” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. சோறு இறங்கவில்லை. சிம்பாங் பூலாய்த் தோட்டக்காரர்கள் வேறு லோரி பிடித்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. மகன் ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்து காரை நிறுத்திவிட்டு, பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவான். கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

ஒருநாள் மத்தியானம் லோரிக்கு அடியில் படுத்திருந்தேன். பெட்டியை மேலே பார்த்தேன். என் வெல்டிங், என் போல்ட், என் அளவு. எல்லாம் சரி. எங்கே தொட்டாலும் சரி. எதுவும் தப்பாக இல்லாத ஒன்று ஏன் வேலை செய்யவில்லை? எனக்குப் பயம் வந்தது. தோட்டத்தில் பட்டினி கிடந்தபோது வராத பயம். மலை ரோட்டில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட வராத பயம். மூளை போய்விட்டதோ, பார்க்கிறதெல்லாம் பொய்யோ என்று தோன்றியது. எழுந்திருக்க மனசில்லாமல் வெயில் சாய்கிற வரை அங்கேயே கிடந்தேன். மனைவி வந்து லோரிச் சக்கரத்தைத் தட்டினாள். “வாங்க, போதும்” என்றாள். அவள் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் பழியைத் தவுக்கே தலையில் போட்டேன். போனில் கூப்பிட்டுக் கத்தினேன். கெட்ட பெட்டியை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

“அண்ணே, என் சாமான் கெட்டதுன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல. நான் வாரேன். வந்து பாக்குறேன்.”

வந்தார். மச்சானும் இருந்தான். நான் கதையைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் தவுக்கே கதவைத் திறந்து, விறுவிறுவென்று ஏறி என் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“தவுக்கே! சப்பாத்த கழட்டுங்க! சாமி இருக்கு!” என்று கத்தினேன். அவர் சப்பாத்து மாட்டிய காலோடு என் கேபினில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இழுத்து இறக்கலாமென்று கையை நீட்டினேன்.

அதற்குள் என்ஜின் ஓடியது. கிளட்சை மிதித்தார். கோஸ்தான் போட்டார்.

விழுந்தது. ஒரு முனகல்கூட இல்லாமல் விழுந்தது. எடுத்தார், மறுபடி போட்டார். விழுந்தது. லோரி தானாகக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றது. தவுக்கே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“எறங்குங்க” என்றேன்.

நான் ஏறினேன். மிதித்தேன். போட்டேன். தகரத்தை அறுக்கிற அதே சத்தம். மறுபடி மிதித்தேன், போட்டேன், மறுபடி கத்தியது. அந்தச் சத்தத்தைவிடக் கேவலமான சத்தத்தை நான் கேட்டதில்லை. பெட்டி என்னைப் பார்த்து மட்டும் கத்தியது.

தவுக்கே கதவு வழியாக உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார்.

“அண்ணே. நீங்க பாதிதான் மிதிக்கிறீங்க.”

“முழுசா மிதிக்கிறேன்!”

“பாதிதான் அண்ணே. இன்னும் இவ்ளோ போகணும்.” விரலால் காட்டினார். பிறகு குரல் மாறிவிட்டது. “அண்ணே, காலத் தூக்குங்க. காலப் பாருங்க.”

இடது காலைத் தூக்கித் தொடை மேல் வைத்துப் பார்த்தேன். சுண்டு விரலுக்குக் கீழே, பாதத்தின் ஓரமாக, சதை வாய் பிளந்து கிடந்தது. உள்ளே கிரீசும் அழுக்கும் அடைத்திருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு சொட்டு பெடல் மேல் விழுந்தது. கறுப்பாக, பிசுபிசுவென்று.

அறுத்துவிட்டு ரப்பர் வைக்காமல் விட்ட அந்தத் தகர விளிம்பு. கிளட்ச் மிதிக்காத நேரத்தில் என் கால் போய்ப் படுத்துக்கொள்கிற இடம் அதுதான். படுத்த ஒவ்வொரு முறையும் வெட்டியிருக்கிறது. நான் மாஸ்டர் பம்ப் ஒழுகுகிறது என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தது என் ரத்தத்தை.

வலித்ததா என்று கேட்பீர்கள். வலிக்கவில்லை. புண்ணுக்குள் விரலை வைத்து அழுத்தினேன், அப்போதும் வலிக்கவில்லை. வேறு யாருடைய காலையோ மடியில் வைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

மச்சான் என்னை அப்படியே தவுக்கேயின் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனான். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது தெரியும், மாத்திரை கொடுத்திருந்தார்கள். சோறு தின்கிற ஆளுக்கு மாத்திரை எதற்கு என்று நினைத்தபோது போடுவேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன். நர்ஸ் மிஸ்ஸி புண்ணைக் கழுவிக் கட்டினாள். டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், என் மகன் வயதிருக்கும். நைலான் நூல் மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“ஐயா, கண்ணை மூடுங்கோ. நான் பாதத்தைத் தொடுவன். தொட்டால் ஓம் என்று சொல்லுங்கோ.”

மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் குனியும்போது அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் கிறீச்சென்றது. எனக்குக் காது நன்றாக இருக்கிறதே. கிறீச் என்றதும் “ஆமா” என்றேன். மறுபடி கிறீச். “ஆமா.” நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கிறீச் என்றது, “ஆமா” என்றேன்.

“ஐயா, இப்ப நான் தொடவே இல்லை.”

கண்ணைத் திறந்தேன். அவள் கோபப்படவில்லை. என் பக்கத்தில் நின்ற மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதத்துக்குப் போகிற நரம்பு செத்துவிட்டது என்று விளக்கினாள். பெடல் எங்கே நிற்கிறது என்று என் பாதம் எனக்குச் சொல்வதில்லை. ஸ்பிரிங் கெட்டியான கிளட்ச் என்பதால் தொடைக்குக் கனம் தெரிந்தது, அந்தக் கனத்தையே தரை என்று நான் நினைத்துவிட்டேன். மகன் விஷயம் கேட்டு ஓடி வந்தான். “அப்பா, ஆட்டோ கியர் லோரி இருக்குல்ல. அதுக்கு எடது காலே வேணாம்” என்றான். என்னை லோரியிலிருந்து இறக்கப் பார்த்தவன் அவன். அவனே அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. டாக்டர் என் வலது காலையும் அந்த நூலால் தொட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுகொண்டு தொட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. கிறீச்சும் இல்லை, தொட்டதும் தெரியவில்லை. “ரெண்டும் அப்பிடித்தான்” என்றாள். பிரேக் மிதிக்கிற கால் அது.

புண் ஆற நாளானது. கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று புரிந்தது. பழைய பெட்டியும் கெட்டுப்போகவில்லை. ஓட்டத்தில் காதால் போட்ட கியரெல்லாம் விழுந்தது. நின்ற இடத்தில் காலால் போட்ட கியர்தான் விழவில்லை. என் காலுக்குப் பதிலாக நல்ல பெட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டேன். பிறகு அதைவிட நல்ல பெட்டி ஒன்றை, யாருமே செய்ய முடியாத மாதிரி, கச்சிதமாக வைத்தேன். என் வேலையில் தப்பு இருந்திருந்தால் நான் அதைத் திருத்தியிருப்பேன். தப்பே இல்லாததுதான் என்னைக் கொன்றது.

சும்மா விட்டுவிடவும் என்னால் முடியவில்லை. புண் ஆறிய பிறகு ஒரு காலையில், மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், மச்சானைக் கூப்பிட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொள் என்றேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன், முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

ஒரு யோசனை வைத்திருந்தேன். கால் சொல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பெடல் இறங்குவது தெரிந்தது. இன்னும், இன்னும், தரை. கோஸ்தான் போட்டேன்.

விழுந்தது! சத்தமே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலைப் பார்த்துக்கொண்டே கிளட்சை விட்டேன், மெல்ல, இவ்வளவு, இவ்வளவு. லோரி நகர்ந்தது. என் கால் சொன்னபடி கேட்கிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மச்சான்! மச்சான்! நிறுத்துங்க!”

நொறுங்குகிற சத்தம். பிரேக்கைத் தேடினேன். வலது கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. அதற்குள் இன்னொரு நொறுங்கல்.

இறங்கிப் பின்னால் போனேன். மச்சான் வந்து நிறுத்தியிருந்த மோட்டார்சைக்கிள் பின்சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. அவன் வேலியோரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குதித்துத் தப்பித்திருக்கிறான். அந்த முட்டியோடு.

காலைப் பார்த்தால் ரோட்டைப் பார்க்க முடியாது. ரோட்டைப் பார்த்தால் கால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அங்கே நின்றுகொண்டு அதை நான் புரிந்துகொண்டேன். சிம்பாங் பூலாய் மலை வளைவை நினைத்தேன். எதிரில் பள்ளிக்கூடப் பஸ் வருவதை நினைத்தேன்.

மச்சான் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். ஆளையும் சேர்த்து ஏத்தியிருக்கலாம்ல என்பான், பென்ஷன் மிச்சம் என்பான். அவனோ நொண்டிக்கொண்டு போய் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

“திட்டுடா” என்றேன்.

“பழைய பைக்குதானே மச்சான். விடுங்க.”

“திட்டித் தொலைடா.”

“விடுங்க மச்சான்” என்றான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று சாயந்திரம் மகனிடம், “ஆளப் பாத்து வித்துடு” என்றேன். அதற்கு மேல், அன்று சொன்னபடி, வாயைத் திறக்கவில்லை.

வாங்கியவன் சுங்காய்ப் பக்கத்திலிருந்து வந்தான். செம்பனைக் குலை, எண்ணெய் எடுக்கிற பனங்குலை, ஏற்றுகிறவன், முப்பது வயதுக்காரன். முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். ஆறு கியரும் கோஸ்தானும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கின. “ஐயா, இது எந்த வொர்க்‌ஷாப்புல செஞ்சது?” என்று கேட்டான். நான்தான் என்றேன். சட்டத்தைத் தள்ளி வைத்தது, ஷாஃப்டைக் கட்டையாக்கியது, எல்லாம் சொன்னேன். அறுத்த விளிம்புக்கு அப்போது ரப்பர் வைத்துவிட்டிருந்தேன், அதையும் காட்டினேன். அவன் தலையாட்டிக்கொண்டே டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான். போகும்போது அவன் போனில் என் நம்பரைப் போட வைத்தேன். “பெட்டில சின்னச் சத்தம் கேட்டாலும் வேற எவனையும் தொட விடாத. எனக்குப் போன் பண்ணு. நான் அங்க வாரேன்” என்றேன். “சரிங்க ஐயா” என்றான்.

இப்போது நான் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். டிவி ஓடுகிறது. போனைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், குளிக்கப் போனால் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மழைக்காலம் வந்துவிட்டது. சேற்றில் குலை ஏற்றினால் எந்தப் பெட்டியும் ஒருநாள் முனகும் என்று பார்த்தேன். போன வாரம் தவுக்கே தற்செயலாக லோரி வாங்கியவனைப் பார்த்தாராம். லோரி எப்படி ஓடுகிறது என்று கேட்டாராம்.

ஒரு தொந்தரவும் இல்லையாம்.